முதல் காய்ச்சல்

அரண்மனைத் தெருப் பாத்திரக் கடையில்
எவர்சில்வர் அண்டாவை விரலால் சுண்டிப் பார்த்தேன்.
கல்யாண வீடா என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.
எத்தனை பேருக்குச் சோறு?
இருபத்தைந்து லிட்டர் என்று சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

என் கொழுந்தன் தொபியாஸ்
கப்பலில் ஏழு வருடம் சமையல்காரன்.
ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் யாரோ சொல்லிக்கொடுத்ததை
மஞ்சள் கறை படிந்த டைரியில் எழுதி வந்திருக்கிறான்.
அடியில் குழாய் வைத்த கொப்பரை.
சூடு தாங்கும் தொட்டி.
தாமிரச் சுருள்.
மூடியில் காற்றுப்பூட்டு உள்ள வாளி.
எதிரே விலை, யூரோவில்.
அந்தப் பணத்துக்கு
எஞ்சினோடு ஒரு பழைய வள்ளம் வாங்கலாம்.

தொட்டிக்கு நான் அலையவில்லை.
பாம்பன் தெற்குவாடியில்
ஏலம் முடிந்தபின் வெயிலில் கவிழ்ந்து கிடக்கின்றன
நீல ஐஸ் பெட்டிகள்.
குளிரை வெளியே விடாத சுவர்
சூட்டை மட்டும் விட்டுவிடுமா?
இதைக் கேட்டதும்
தொபியாஸின் ஏழு வருடக் கப்பல்
லேசாக ஆடியது.

மூலை உடைந்த பெட்டி, எழுநூறு ரூபாய்.
மூன்று நாள் கழுவினேன்.
சோடா உப்பு, எலுமிச்சை, வெயில், மறுபடி சோடா உப்பு.
மூடியைத் திறந்தால்
சூடை மீன் வணக்கம் சொன்னது.
வடிகால் ஓட்டையில் குழாய் பொருத்தி
தாமிரத்தையும் வளைத்துத் தந்தவர்
ஏசி மெக்கானிக் சிராஜுதீன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
கேட்காததற்கு ஐம்பது ரூபாய் கூட வைத்தேன்.
அதை மட்டும் திருப்பித் தந்தார்.

தெர்மாமீட்டர் விஷயத்தில் மட்டும் பிடிவாதம்.
நண்டு கம்பெனியில் பதினொரு வருடமாய்
வெந்த நண்டின் மார்பில் ஊசி குத்தி
எண் படிப்பவள் நான்.
இரண்டு டிகிரி பொய் சொன்ன ஊசியால்
ஒரு கன்டெய்னர் திரும்பி வந்தது தெரியும்.
அண்டா மெல்லிசாக இருக்கட்டும், வாளி பழசாக இருக்கட்டும்,
அறுபத்தாறு என்றால் அறுபத்தாறு.
எழுபத்தைந்தைத் தாண்டினால்
தானியத்துக்குள் இருக்கும் ஏதோ ஒன்று
கோபித்துக்கொண்டு போய்விடுமாம்.
தொபியாஸுக்குத் தெரிந்த விளக்கம் அவ்வளவுதான்.
எனக்கும் அது போதும்.

பார்லி கேட்டால் நாட்டு மருந்துக் கடையில்
தோல் சீவியதைத் தருகிறார்கள், அது முளைக்காது.
கேழ்வரகை முளைகட்டி மொட்டைமாடியில் காயவைத்தேன்.
காக்கைக்குப் போக ஆறு கிலோ.
ஒன்றிரண்டாய் உடைத்துத் தா என்றால்
மில்காரர் பவுடராய் அரைத்துத் தந்தார்.
குழாய் அடைத்தது.
ஒரு வாரம் வீட்டில் எல்லோருக்கும் களி.

டைரியில் இல்லாத சாமான் ஒன்று உண்டென்று
அப்போதுதான் தெரிந்தது. திருகை.
வேதாளையில் ஒரு வீட்டில்
கோழிக் கூண்டின் மேல் பாரமாய்க் கிடந்தது.
இரண்டு கிலோ நண்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

மறுபடி கேழ்வரகு, மறுபடி காக்கை.
தண்ணீர், கேன் தண்ணீர்தான்,
எங்கள் தெருக் குழாயில் வருவதில்
பருப்பே வேகாது.
கசப்புக்கு நிலவேம்பு, ஒரு சிட்டிகை,
அதுவே அதிகம்.

மூடி ஒரு மணி நேரம் கழித்து ஊசியை விட்டேன்.
அறுபத்தைந்து.
உடைந்த மூலையோடு அந்தப் பெட்டி
ஒரே ஒரு டிகிரிதான் விட்டுக்கொடுத்திருந்தது.

இனிப்பை அளக்க எங்களிடம் எதுவும் இல்லை.
இறால் பண்ணையில் வேலை பார்க்கும் நாகூர்கனி
உப்பு பார்க்கும் கருவியை
ஒரு ராத்திரிக்குத் தந்தாள்.
கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு
ட்யூப்லைட் பக்கம் தூக்கிப் பார்த்தேன்.
கடல் முப்பத்தைந்து காட்டும். இது தொண்ணூறு.
உப்பைத் தவிர எதுவும் படிக்கத் தெரியாதது
இனிப்பை அப்படித்தான் படித்தது.

கட்டிலுக்கடியில் வாளி.
மூடியிலிருந்து சலைன் குழாய், தண்ணீர் பாட்டிலுக்குள்.
இரண்டாம் ராத்திரி பொளக் பொளக் என்று ஆரம்பித்தது.
தெருமுனையில் ஜீப் நின்ற சத்தம் கேட்டு
பாட்டிலைத் தலையணையால் பொத்தினேன்.
ஜீப் போனது.
தலையணைக்குள் அது பேசிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டாம் நாள்
தொபியாஸ் ஒரு வாய் குடித்தான்.
கண்ணை மூடினான்.
ஆண்ட்வெர்ப் ஞாபகம் வருகிறதா என்றேன்.
இல்லை மெர்லா, சூடை, என்றான்.

டைரியை வாங்கி
தொட்டி என்ற வரிக்குப் பக்கத்தில் எழுதினேன்:
புதுசு. மீன் பார்க்காதது.